பண்ணும் பயணமும்



விழா என்றால் பயணமும் உடன் வரும். சென்னையிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் குடும்பங்கள் கார்களிலும் வேன்களிலும் மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் புறப்படுகின்றன. வண்டி நகர்ந்தவுடன் முதலில் நிகழ்வது யாது? இருக்கைப் பட்டையைச் சிலர் அணிவர், சிலர் மறப்பர். பாட்டைப் போட மட்டும் எவரும் மறப்பதில்லை. அந்தப் பாட்டு பொழுதுபோக்கோடு நின்றுவிடுகிறதா, அல்லது வண்டியை ஓட்டுபவரின் கையையும் காலையும் அவர் அறியாமலே இயக்குகிறதா? இயக்குவது உண்மையாயின், இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

இசை உயிர்களின் செயலை மாற்றும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றின் வரிசையிலேயே பறையையும் யாழையும் சேர்த்தார். மருதப்பண் காலைக்கும் செவ்வழிப்பண் மாலைக்கும் உரியன என்ற முறையும் இருந்தது. நள்ளி என்னும் வள்ளலின் கொடையால் வளம் பெற்ற பாணர், காலையில் செவ்வழியையும் மாலையில் மருதத்தையும் வாசித்து அம்முறையை மறந்தனர் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். முறை ஒன்று இருந்தமையால்தான் அதனை மறந்தது பாடத்தக்க செய்தியாயிற்று.

அகநானூற்றின் 102ஆம் பாட்டு இன்னும் வியப்பான காட்சி ஒன்றைத் தருகிறது. தினைப்புனத்தில் மலைமகள் ஒருத்தி கூந்தலைக் கோதி உலர்த்தியவாறு குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினையை மேய வந்த யானை கதிரையும் கொள்ளவில்லை, நின்ற இடத்தைவிட்டுப் பெயரவுமில்லை, அங்கேயே உறங்கிவிடுகிறது. வழிப்பறி செய்யும் கள்வரும் பாலைப்பண்ணைக் கேட்டால் படைக்கலத்தைக் கைவிட்டு, அருளுக்கு மாறான மறத்தினின்று நீங்குவர் என்கிறது பொருநராற்றுப்படை. போரில் புண்பட்டவனைக் காக்கும் வீட்டில் யாழும் குழலும் மணியும் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடப்படுவதைப் புறநானூறு காட்டுகிறது. சமணச் சான்றோராகிய கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், மதங்கொண்ட நளகிரி என்னும் யானையை உதயணன் யாழிசையால் அடக்குகிறான்.

இவையெல்லாம் இசையின் நலத்தைக் கூறுவன. அதன் மறுபக்கத்தையும் முன்னோர் மறைக்கவில்லை. அசுணம் என்னும் உயிரை இன்னிசையால் மயக்கி அருகே வரவழைத்து, பின்னர் வன்மையான பறையொலியால் கொல்வர் என்பது பழைய நம்பிக்கை. இன்பத்தையும் துன்பத்தையும் ஒருங்கே தருவதற்கு, அசுணத்தைக் கொல்பவரின் கையையே நற்றிணை உவமையாக்கியது. ஐம்பொறிகளால் கெடும் உயிர்களை எண்ணும் அறநூலாரும், செவியால் கெடுவதற்கு வேடனின் இசைக்கு மயங்கும் மானைச் சான்றாகக் காட்டுவர்.

யானையும் மானும் விலங்குகள், கள்வர் கல்லாதவர், கற்றவர்க்கு இசையால் என்ன நேரும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் உள்ளது. கோவலன் இசையறிந்தவன், மாதவியோ ஆடலும் பாடலும் முறையாகப் பயின்றவள். கடற்கரையில் யாழை வாங்கி அவன் பாடிய பாட்டில் வேறொருத்தியின் குறிப்பு இருப்பதாக அவள் எண்ணினாள். அவளும் வேறொருவனை நினைந்தாள் போலப் பாடினாள். அந்தப் பாட்டு முடிந்த வேளையில் கோவலன் அவளைப் பிரிந்து எழுந்து சென்றான். ஆராய்ந்து எடுத்த முடிவன்று அது. பாட்டு எழுப்பிய உணர்ச்சி எடுத்த முடிவு. இளங்கோவடிகள் அதனை ஊழ்வினையின் செயல் என்கிறார். அவ்வினை பற்றிக்கொண்ட கருவி யாழிசையே என்பதை மறுப்பதற்கில்லை. இசை கற்றிருப்பது இசையின் ஆற்றலிலிருந்து காக்கும் கவசமன்று என்பதை அவ்விருவரும் காட்டினர்.

இவ்வுண்மையை இக்கால ஆய்வாளர் அளந்து பார்த்துள்ளனர். 2006ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தியும் அவர் குழுவினரும் ஆய்வொன்றை வெளியிட்டனர். இசை பயின்றவர் 12 பேர், பயிலாதவர் 12 பேர் ஆகியோர்க்கு, இந்திய இராகம் உள்ளிட்ட ஆறு வகை இசைகளை ஒலிக்கச் செய்து உடல்நிலையைக் கணக்கிட்டனர். இசை எந்த நாட்டினது என்பதைவிட அதன் வேகமே பெரிதாக இருந்தது. விரைந்த இசைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. இசை பயின்றவரின் மூச்சு அவ்வேகத்திற்கேற்ப மிகுதியாகவே மாறியது. இசைகளுக்கு இடையே இரண்டு நிமிடம் அமைதி நிலவச் செய்தபோது, தொடக்கத்தில் இருந்த நிலையினும் உடல் மிகுதியாக அடங்கியது. மோனத்தின் பெருமையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

உடலில் நிகழும் மாற்றம் செயலிலும் வெளிப்படும். அமெரிக்காவில் மில்லிமன் என்னும் ஆய்வாளர் 1982இல் பல்பொருள் அங்காடி ஒன்றில் விரைந்த இசையையும் மெல்லிசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். மெல்லிசை ஒலித்த நாள்களில் மக்கள் மெதுவாக நடந்தனர். விற்பனை ஏறத்தாழ நூற்றுக்கு 38 பங்கு கூடியது. 1986இல் உணவகம் ஒன்றில் அவர் கண்டது: விரைந்த இசை ஒலித்தபோது மக்கள் சராசரியாக 45 நிமிடத்தில் உண்டு எழுந்தனர், மெல்லிசை ஒலித்தபோது 56 நிமிடம் அமர்ந்திருந்தனர். எவரும் அவர்களை விரையுமாறு சொல்லவில்லை, அமருமாறும் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 1997இல் வெளிவந்த ஆய்வொன்று மதுவிற்கும் கடைப்பகுதியில் நிகழ்ந்தது. மதுவை அறவே நீக்கியவர்க்கும் அதில் ஒரு பாடம் உண்டு. பிரெஞ்சு இசை ஒலித்த நாளில் பிரெஞ்சு நாட்டுப் பொருளும், ஜெர்மானிய இசை ஒலித்த நாளில் ஜெர்மானியப் பொருளும் மிகுதியாக விற்றன. பொருளை வாங்கியவரிடம் இசையால் மனம் மாறினீரோ என்று வினவியபோது, மிகச் சிலரைத் தவிர அனைவரும் இல்லை என்றே கூறினர். இதுவே கருதத்தக்கது. இசை ஒருவரை இயக்குகிறது. இயக்கப்பட்டவரோ தாமே இயங்கியதாக எண்ணுகிறார். “பாட்டு கேட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்லும் ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அவர்க்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அங்காடியில் இசை கெடுத்தால் போவது சிறிது பணம். சாலையில் அவ்வாறன்று. காரில் பொருத்தத்தக்க வானொலி 1930இல் அமெரிக்காவில் மோட்டோரோலா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது; குறுந்தகடு வந்தது; இன்று கைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் அடங்கிவிட்டது. இசையும் வண்டியோட்டுதலும் கூடும்போது என்ன நேர்கிறது என்பதை இஸ்ரேல் நாட்டுப் பென் குரியன் பல்கலைக்கழகத்து வாரன் பிராட்ஸ்கி நெடுங்காலம் ஆராய்ந்தார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், கணினியில் அமைத்த போலிச் சாலையில் மாணவரை ஓட்டச் செய்தார். பாட்டின் வேகம் கூடக்கூட வண்டியின் வேகமும் கூடியது. சிவப்பு விளக்கைக் கடத்தல், பாதைக்கோட்டைத் தாண்டுதல், மோதுதல் ஆகியனவும் விரைந்த இசையின்போதே மிகுந்தன.

2013இல் வெளிவந்த அவர்தம் மற்றோர் ஆய்வு உண்மைச் சாலையிலேயே நடந்தது. புதிதாக ஓட்டப் பழகிய இளையோர் 85 பேர், பயிற்றுநர் உடனிருக்க, ஆறுமுறை வண்டி ஓட்டினர். சில முறை தமக்குப் பிடித்த பாட்டோடு, சில முறை பாட்டின்றி, சில முறை இவ்வாய்வுக்கென்றே அமைத்த மென்மையான இசையோடு ஓட்டினர். பிடித்த பாட்டோடு ஓட்டியபோது நூற்றுக்கு 98 பேர், ஒரு பயணத்திலேனும் சராசரியாக மூன்று பிழைகள் செய்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைப் பயிற்றுநர் உரத்த குரலால் எச்சரிக்க நேர்ந்தது. ஐவரில் ஒருவர்க்கு அவரே ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ பற்றிக் காக்க நேர்ந்தது. பாட்டின்றி ஓட்டியபோதும் நூற்றுக்கு 92 பேர் பிழை செய்தனர் என்பதையும் சொல்லவேண்டும். இளமையின் பழக்கக் குறைவு அது. ஆனால் மென்மையான இசையோடு ஓட்டியபோது பிழைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே பழி இசையினதன்று, தேர்வினது.

இதன் காரணம் மூவகைப்படும். முதலாவது தாளம். விரைந்த தாளத்திற்கு உடல் கிளர்ச்சியுறுகிறது. கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. கிளர்ச்சி சிறிதளவு இருப்பின் செயல் சிறக்கும். அளவு கடந்தால் செயல் கெடும் என்பதை யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908இலேயே கண்டறிந்தனர். இரண்டாவது ஒலியளவு. பாட்டு உரத்து ஒலித்தால் பின்னால் வரும் ஹாரனும், ஆம்புலன்ஸின் அழைப்பும், எஞ்சின் எழுப்பும் வேறுபட்ட ஒலியும் செவிக்கு எட்டுவதில்லை. மூன்றாவது சொல். பாட்டின் சொற்கள் பழைய நினைவுகளை எழுப்புகின்றன. கண் சாலையில் இருக்க, மனம் பல்லாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மாலைப்பொழுதில் இருக்கிறது.

இசைக்குரிய நன்மையையும் மறைத்தலாகாது. நெரிசலில் சிக்கிய ஓட்டுநர்க்குத் தாம் விரும்பும் இசை மன இறுக்கத்தைக் குறைக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் கண்டனர். சினத்தோடு ஹாரனை அழுத்துபவரைவிட, மெல்லிசை கேட்டுக் காத்திருப்பவர் சாலைக்கு நல்லவர். ஆனால் தூக்கத்திற்கு இசை மருந்தன்று. சன்னலைத் திறந்து குளிர்காற்றைப் பெறுவதும் வானொலியைக் கேட்பதும் உறக்கத்தைச் சிறிது நேரமே தள்ளிவைக்கும் என்பதை 1998இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் நிறுவினர். தேர் பார்த்துவிட்டு நள்ளிரவில் ஊர் திரும்பும்போது “குத்துப்பாட்டு போடு, தூக்கம் போய்விடும்” என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் எழும். தூக்கம் போவதில்லை, அது வருவது மட்டும் தெரியாமற் போகிறது.

இனி அறநூல்களின் பக்கம் திரும்புவது பொருந்தும். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. நடக்கும்போது முன்னே நான்கு முழ நிலத்தை உற்று நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைத்தலே அது. நடப்பவர்க்கு நான்கு முழம் போதும். வண்டி ஊர்பவர்க்கு எத்தனை முழம்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த ஒரு நொடி கழிந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அடுத்த பாட்டைத் தேடிக் கைபேசியை மூன்று நொடி நோக்கினால், 66 மீட்டரைப் பாராமலே கடந்துவிடுகிறார். அந்த 66 மீட்டருக்குள் கன்று ஒன்று குறுக்கே வரலாம். பள்ளி விட்டுத் திரும்பும் சிறுமி சைக்கிளோடு சாலையைக் கடக்கலாம்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் பயனின்றித் தீங்கு செய்தலை நீக்கும் அநர்த்த தண்ட விரதமும் ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அத்தீங்கை ஐந்தாக வகுக்கிறார். அவற்றுள் ஒன்று துச்ருதி: பற்று, வெறுப்பு, செருக்கு, காமம், கண்மூடித்தனமான துணிச்சல் ஆகியவற்றால் மனத்தைக் கலக்குவனவற்றைக் கேட்டல். மற்றொன்று பிரமாதசரியை: கவனமின்றி ஒழுகுதல், காரணமின்றித் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் அதில் அடங்கும். கலங்கச் செய்யும் ஒலியைக் கேட்டலையும் கவனமின்றித் திரிதலையும் அவர் அடுத்தடுத்து வைத்தார். மோட்டார் வண்டி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த அவ்விரண்டும், செவியில் இயர்போனைச் செருகிக்கொண்டு நண்பனைப் பின்னிருத்தி நெடுஞ்சாலையில் பறக்கும் இளைஞனிடம் இன்று ஒன்றுசேர்கின்றன.

இம்சை என்பது யாது என்பதைத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கும்போது, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்தல் என்றே கூறுகிறது. பொன்னூர் மலையோடு சேர்த்துப் போற்றப்படும் குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் ஒருபடி மேலே செல்கிறார். எதிரே உள்ள உயிர் இறந்ததா, பிழைத்ததா என்பதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. கவனமின்றி ஒழுகுபவர்க்கு இம்சை உண்டு. விழிப்போடு ஒழுகுபவர்க்கு, தம்மை மீறி ஊறு நேரினும், வினைப்பிணிப்பு இல்லை என்பதே அவர் கருத்து.

இக்கருத்தை வண்டி ஓட்டுபவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். விரைந்த பாட்டுக்கேற்ப விரைந்து ஓட்டி, எவர்மீதும் மோதாமல் வீடு வந்து சேர்ந்தவர், “ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்வார். ஒன்றும் ஆகாதது அவர் செய்த அறமன்று. எதிரே வந்தவர் ஒதுங்கிய நன்மை. எறும்பை மிதியாமல் நடக்கவும், இரவில் உண்ணாமல் இருக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும் குழந்தைகளைப் பழக்கும் குடும்பம், அதே குழந்தை வளர்ந்து வண்டிச் சாவியை வாங்கும் நாளில் வாளாவிருக்கலாமா? வடிகட்டிய நீரில் காக்கப்படும் உயிரினும் சாலையோரம் நடந்து செல்லும் முதியவரின் உயிர் எளியதன்று.

கணக்கும் இதனையே வலியுறுத்துகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இவையெல்லாம் இசையால் நேர்ந்தன என்று சொல்வதற்கில்லை. கவனத்தைக் கலைப்பன பல. அவற்றுள் கைக்கு எட்டியதும், இன்றே திருத்தத்தக்கதும் இசைத் தேர்வு.

அத்திருத்தத்திற்குச் சில எளிய வழிகள் உண்டு. பயணத்திற்குரிய பாட்டுகளைப் புறப்படும் முன்பே, மனம் அமைதியாக உள்ளபோதே வரிசைப்படுத்துக. இடையில் மாற்ற விரும்பினால் அருகில் அமர்ந்தவர் மாற்றுக. தனியே செல்பவர் வண்டியை ஓரமாக நிறுத்தி மாற்றுக. அருகில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேசினால் கேட்கும் அளவே ஒலியின் எல்லையாகட்டும். ஊருக்குள் நுழையும்போதும், மழையிலும், நாற்சந்தியிலும், பழகாத வழியிலும் பாட்டை நிறுத்துக. இருசக்கர வண்டியில் இயர்போன் அறவே வேண்டா. பின்னால் வருவதைக் காண முதுகில் கண் இல்லாத குறையைச் செவியே நிறைவு செய்கிறது. பல சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி தடை செய்துள்ளது. குழந்தைகள் மகிழ்கின்றனர் என்று அதனைப் பொருத்துவது சட்டத்திற்கும் அறத்திற்கும் மாறானது. கண் அயர்ந்தால் பாட்டை நாடாமல் வண்டியை நிறுத்தி உறங்குக. விடிந்தபின் வீடு சேர்வது இழுக்கன்று.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். இளைஞரிடம் “பாட்டு கேளாதே” என்று கடிந்தால் பயனில்லை. அவர்கள் தனியே செல்லும்போது கேட்பர். அடுத்த பயணத்தில் அவர்களையே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓட்டுபவர் அறியாமல், அருகில் இருப்பவர் வேகமானியைக் கவனிக்கட்டும். விரைந்த பாட்டின்போது முள் எங்கே நின்றது, மெல்லிசையின்போது எங்கே நின்றது, அமைதியின்போது எங்கே நின்றது என்பதைக் குறித்துவைத்து, ஊர் சேர்ந்தபின் காட்டட்டும். நூறு அறிவுரையைவிட அந்தத் தாள் மிகுதியாகப் பேசும்.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போர் புரிய வந்த சீவகன், யாழைக் கையில் வாங்கியவுடன் வாசித்துவிடவில்லை. கொண்டுவந்து கொடுத்த யாழ்களின் மரத்தை ஆராய்ந்து, நீரில் நின்று கெட்டது இது, இடிவீழ்ந்த மரம் இது என்று குற்றங்களை எடுத்துக்காட்டி விலக்கினான்; குற்றமற்றதைத் தேர்ந்த பின்னரே பாடினான். திருத்தக்கதேவர் காட்டிய அந்த ஆராய்ச்சி வண்டியில் அமரும் ஒவ்வொருவர்க்கும் உரியது. எந்த இசை, எந்த அளவில், எந்த வேளையில் என்று ஆராய்ந்து கேட்பவரின் கையில் இசை நன்மையாகும். ஆராயாமல் கேட்பவரை அது தன் வேகத்திற்கு இழுத்துச் செல்லும்.

இவ்விழா முடிந்து ஊர் திரும்பும் வண்டிகள் பல. சாவியைத் திருகும் முன் ஒரு நொடி கண்மூடி அமைதியாக இருந்துவிட்டுப் புறப்படுங்கள். செல்லும் வழியில் எவ்வுயிர்க்கும் ஊறின்றி அனைவரும் இல்லம் சேர்க. அறம் வளர்க!